மண்டியிட்டார் மாஸ்டர்! மைதான ஓரத்தில் நின்ற பையன் கதி என்ன?

அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூட மைதானம். ஆட்டம் முடிந்து விட்டது. இரு கட்சிப் பையன்களும் கை குலுக்கிக் கொண்டார்கள். அப்போது பயிற்சி மாஸ்டர் விறுவிறு என்று மைதானத்தின் நட்ட நடுவுக்குப் போனார். ஒரு காலை மடக்கி மண்டியிட்டார். கண்ணை மூடி ஜெபம் செய்தார். எழுந்து வந்து விட்டார்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு நிமிஷ விவகாரம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை போய் நாட்டையே இரண்டாக்கியது!

"உங்கள் இஷ்டம்"

மாஸ்டரின் பெயர் ஜோசப் கென்னடி. முன்னாள் மெரைன் படை வீரர். ஊர் பிரெமர்ட்டன். கடற்படைக் கப்பல் பட்டறை உள்ள ஊர். இருப்பது வாஷிங்டன் மாநிலத்தில். ஜனாதிபதி இருக்கும் வாஷிங்டன் வேறு. இது அதற்கு நேர் எதிர்க்கோடியில், மேற்குக் கரையில் உள்ளது.

2008-ம் ஆண்டு அந்த ஊர் அரசாங்கப் பள்ளியில் கென்னடி உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். ஆட்டம் அமெரிக்கக் கால்பந்து. பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்! மைதானம் 100 கெஜம். 50-வது கெஜக் கோடுதான் மையம். கென்னடி மண்டியிட்டது அங்கேதான்.

முதலில் தனியாகத்தான் ஜெபித்தார். பிறகு பையன்கள், தாங்களும் சேரலாமா என்று கேட்டார்கள். இது சுதந்திர நாடு, உங்கள் இஷ்டம் என்று சொல்லி விட்டார். ஒருவர் இருவராகி, குழுவில் பெரும்பாலோர் அவரைச் சுற்றி மண்டியிட ஆரம்பித்தார்கள்.

இப்படியே 7 வருஷம் ஓடியது. 2015-ம் ஆண்டு பள்ளி நிர்வாகம் விழித்துக் கொண்டது. அரசாங்கப் பள்ளியே ஜெபம் நடத்தக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1962-ம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. அதனால் கென்னடிக்குக் கடிதம் வந்தது. "மாணவர்களோடு சேர்ந்து வேண்டாம், தனியிடத்தில் செய்யுங்கள்" என்பது அதன் சாரம்.

கொஞ்ச நாள் நிறுத்திய கென்னடி, வக்கீலை வைத்துப் பதில் கடிதம் கொடுத்துவிட்டு மறுபடியும் மைதானத்தில் மண்டியிட்டார். பத்திரிகைக்காரர்கள் குவிந்தார்கள். வேலியைத் தாண்டி ஜனங்கள் மைதானத்துக்குள் ஓடினார்கள். பாண்டு வாசித்த பிள்ளைகள் இடித்துத் தள்ளப்பட்டார்கள்.

இதோடு விட்டதா? "சாத்தான் கோயில்" என்ற அமைப்பினர் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வந்து விட்டார்கள். "அவர் ஜெபிக்கலாம் என்றால் நாங்களும் சடங்கு செய்யலாமே!" என்பது அவர்கள் வாதம். மைதானம் பொது இடம் அல்ல என்று நிர்வாகம் தடுத்தது. கென்னடி சம்பளத்தோடு கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார்.

பையனின் பயம்

"ஒரு மனுஷர் சாமி கும்பிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பதில், மைதான ஓரத்தில் நின்ற பையனிடம் இருக்கிறது.

பெற்றோர் ஒருவர் நிர்வாகத்திடம் புகார் செய்தார். அவருடைய மகனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஜெபத்தில் போய்ச் சேர்ந்தான். சேராவிட்டால் ஆட்டத்தில் சான்ஸ் குறைந்து விடுமோ என்று பயம்!

மாஸ்டர் யாரையும் வற்புறுத்தவில்லை. ஆனால் யாரை ஆட இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்பதில் அவர் பேச்சும் எடுபடும். பதினாறு வயதுப் பையன் அதை மறப்பானா? முதலாளி பூஜைக்கு வரச்சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த மாட்டார். ஆனால் போகாமல் இருக்கிற குமாஸ்தா எத்தனை பேர்?

நாத்திகருக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். டெக்சாஸ் மாநிலம் சாண்டா பே ஊர்ப் பள்ளியில் கால்பந்து ஆட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் ஜெபம் சொல்லும் வழக்கம் இருந்தது. எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனவர்கள் யார் தெரியுமா? ஒரு கத்தோலிக்கக் குடும்பம், ஒரு மார்மன் குடும்பம். இரண்டும் ஏசுவைக் கும்பிடும் குடும்பங்கள்! 2000-ம் ஆண்டு 6-3 என்ற கணக்கில் அவர்கள் ஜெயித்தார்கள்.

வானத்தைக் காட்டினால் அபராதம்

இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. அதே வாஷிங்டன் மாநிலத்தில் 2010-ம் ஆண்டு ஒரு மாணவன் பந்தோடு ஓடி கோட்டைத் தொட்டு புள்ளி எடுத்தான். சந்தோஷத்தில் மண்டியிட்டு வானத்தை நோக்கி விரலை நீட்டினான். நடுவர் உடனே கொடியை வீசினார். ஆர்ப்பாட்டம் செய்தான் என்று அவன் குழுவுக்கு 15 கெஜம் தண்டனை!

அந்தப் பையன் யாரைக் கட்டாயப்படுத்தினான்? யாருக்கு சான்ஸ் கொடுக்காமல் தடுக்க அவனால் முடியும்?

தீர்ப்பு

கென்னடி 2016-ல் வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டுகளில் தோற்றார். 2022 ஜூன் 27-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு 6-3 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பு அளித்தது. அவர் செய்தது சொந்த ஜெபம், யாரையும் கட்டாயப்படுத்தியதாக நிரூபணம் இல்லை என்று நீதிபதி கோர்சக் எழுதினார். பெண் நீதிபதி சோட்டோமேயர் அதை மறுத்து, பையன்கள் சூழ அவர் மண்டியிட்ட போட்டோக்களைத் தன் தீர்ப்பிலேயே அச்சிட்டு விட்டார்!

வக்கீல் செலவுக்காக 17 லட்சத்து 75 ஆயிரம் டாலர் தர நிர்வாகம் சம்மதித்தது. கென்னடி வேலையில் மீண்டும் சேர்ந்தார். 2023 செப்டம்பர் 1-ந் தேதி ஒரே ஒரு ஆட்டம். முடிந்ததும் மையத்தில் தனியாக மண்டியிட்டார். சில நாளில் ராஜினாமா செய்து விட்டார்.

கோர்ட்டு மாஸ்டரின் உரிமையைப் பார்த்தது. சரி. ஆனால் பள்ளிக்கூட மைதானம் பிள்ளைகளுக்காகத்தானே இருக்கிறது? பையன் வானத்தைப் பார்த்து விரல் நீட்டட்டும், மண்ணைத் தொட்டுக் கும்பிடட்டும். அது அவனுக்கும் அவன் சாமிக்கும் உள்ள விஷயம். மாஸ்டரும் தாராளமாகக் கும்பிடட்டும். பையன்கள் பஸ் ஏறிப் போன பிறகு அதே மையக் கோட்டில் மண்டியிட்டால் சாமி கேட்காதா என்ன?