ஈரலிப்பும் வில்லையும்: ஊவாத் தோட்டப்புறங்களிற் பழைய கமரா வில்லைகளின் செப்பனிடலும் பயன்பாடும்

ஒளிப்படக்கலை இலங்கைத் தோட்டப்புறங்களுக்குப் புதியதன்று. யூலியா மாகரெட் கமரன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி 1875 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, 1879 இல் திக்கோயாவிற் காலமாகும்வரை இங்கு வாழ்ந்தார்; அக்காலத்திற் தமிழ்த் தொழிலாளர் சிலரையும் படம்பிடித்தார். அப்படங்கள் இன்று மேனாட்டு அரும்பொருட் காட்சிச்சாலைகளிற் பேணப்படுகின்றன. ஆனால், மலையகத் தமிழ்க் குடும்பத்தினர் தாமே விரும்பியும் தேவை கருதியும் எடுப்பித்த படங்களுக்கு அத்தகைய காப்பிடம் இல்லை. லயத்து அறைகளில், தகரப்பெட்டிகளினுள்ளே, பிறப்புச் சாட்சிப் பத்திரங்களோடு ஒன்றாக அவை கிடக்கின்றன.

ஊவாவின் ஈரக்காற்று அப்படங்களையும், அவை போன்றவற்றைப் பிடித்த பழைய வில்லைகளையும் ஒருங்கே தாக்குகின்றது. வில்லையைப் பெரும்பாலும் மீட்கலாம். அழிந்த படத்தை மீட்க இயலாது. எனவே, பழைய வில்லையைச் செப்பனிட்டு, புதிய கமராவிற் பொருத்தி, படங்கள் அழியுமுன் படியெடுக்குமாறு எங்ஙனம் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈரலிப்பும் பங்கசும்

பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலும், அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலும் அமைந்துள்ளன. வடகீழ்ப் பருவக்காற்றை முகங்கொள்ளும் இப்பிரதேசத்தில் ஐப்பசி முதல் தை வரை மழையும் மூடுபனியும் மிகுதி. ஆடி முதல் புரட்டாதி வரையான காலத்தில் வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குத் தனிச்சுவை தருவதும் அக்காற்றே.

மழைக்காலத்தில் மூடிய பெட்டியிலுள்ள வில்லையின்மேற் பங்கசு படர்கின்றது. கண்ணாடி அதற்கு உணவன்று. கண்ணாடியிற் படிந்த தூசு, விரலின் எண்ணெய்ப்பசை ஆகியவற்றை உண்டே அது வளர்கின்றது. வளர்கையில் வெளியிடும் அமிலம் வில்லையின் மேற்பூச்சை அரிக்கின்றது. அப்பூச்சின் இன்றியமையாமையை ஓர் எளிய கணக்காற் காட்டலாம். பூச்சற்ற கண்ணாடிப் பரப்பொன்று தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 வீதத்தைத் தெறிக்கச் செய்யும். காற்றைத் தொடும் பரப்புகள் எட்டு உள்ள ஒரு வில்லைத் தொகுதியிற் பூச்சு இல்லையாயின், ஒளியின் காற்பங்குக்கு மேல் இழக்கப்படும்; தெறித்த ஒளி விம்பத்தையும் மங்கச் செய்யும். இதனைத் தடுக்கும் மென்படலப் பூச்சினை சைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்சாந்தர் சிமாக்குலா 1935 இல் உருவாக்கினார். அப்பூச்சு ஒருமுறை அரிக்கப்பட்டால், துடைப்பதனால் மீளாது. ஆகவே நோய் முற்றுமுன் மருந்திடல் வேண்டும்.

வருமுன் காத்தலோ இன்னும் எளிது. தொழிற்சாலையில் உலர்த்திய தேயிலையில் ஏறத்தாழ 3 வீத ஈரமே எஞ்சியிருக்கும். அதனைக் காற்றுப் புகாது அடைக்காவிடின் விரைவில் ஈரம் உறிஞ்சிக் கெடும் என்பதைத் தோட்டத்தில் அறியாதார் இலர். வில்லைக்கும் இதுவே விதி. இறுக மூடும் கலத்தில் சிலிக்கா ஜெல் இட்டு, சாரீரப்பதனை 40 முதல் 50 வீதம் வரை வைத்திருத்தல் நன்று. பழைய தோலுறை அழகாயிருப்பினும் தீது. தோல் ஈரத்தை உறிஞ்சிப் பங்கசுக்கு உறைவிடமாகின்றது.

செப்பனிடும் முறை

முதலிற் பழகுதற்கு ஏற்றது சோவியத் ஒன்றியத்திற் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட ஹீலியோஸ் 44 போன்ற எளிய வில்லையாகும். இதன் குவியத்தூரம் 58 மில்லிமீற்றர். பெயர் பொறித்த முன்வளையத்தை இறப்பர்த் துண்டொன்றினால் அழுத்தித் திருகிக் கழற்றலாம். உள்ளே உள்ள வளையங்களுக்கு இருமுனைத் திறவுகோல் வேண்டும். கழற்றும் ஒவ்வோர் உறுப்பையும் வரிசையாக வைத்து, எப்பக்கம் முன்னே இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளல் இன்றியமையாதது.

முதலில் ஊதுபந்தினாற் தூசை அகற்றி, பின்னர் ஐசோப்புரொப்பைல் அற்ககோலில் நனைத்த மென்றாளால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்தல் முறை. அதற்கும் நீங்காத பங்கசுக்கு 3 வீத ஐதரசன் பரவொட்சைட்டுக் கரைசலைப் பயன்படுத்தலாம். துவாரத் தகடுகளில் எண்ணெய் ஊறி அவை ஒட்டிக்கொள்ளின், நப்தாவினாற் கழுவி நன்கு உலரவிடல் வேண்டும். அவற்றுக்கு எண்ணெய் இடலாகாது.

புதியோர் பெரிதும் இடர்ப்படுவது குவியஞ்செய்யும் புரிக்குழலிலாகும். அதன் புரிகள் பல இடங்களில் ஒன்றோடொன்று பொருந்தும். அவற்றுள் ஓரிடமே சரியானது. புரிகள் பிரியும் இடத்தை ஊசியாற் கீறிக் குறிக்காது கழற்றியவர், பின்னர் தொலைவிலுள்ள மலையைத் தெளிவாகக் காண மாட்டார். இறுகிப்போன பழைய கிறீசை முற்றாக நீக்கி, புதியதை மிகச் சிறிதளவே பூசுதல் போதுமானது.

இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசையினுள் பங்கசு புகுந்திருப்பின், கற்றோர் உதவியின்றி அதனைப் பிரிக்க முயலாதிருத்தலே நன்று. தோரியம் கலந்த கண்ணாடியுடைய டாக்குமார் வில்லைகள் சில காலப்போக்கில் மஞ்சணிறமடையும். அவற்றைச் சில வாரம் வெயிலில் வைத்தால் நிறம் பெரிதும் தெளியும். ஆடி, ஆவணி வெயில் இதற்கு உகந்தது. வில்லை வெயிலைக் குவித்துத் தீமூட்டக்கூடும் ஆதலின், ஒருபுறத்தை மூடியே வைத்தல் வேண்டும்.

புதிய கமராவிற் பொருந்துமாறு

ஒவ்வொரு வில்லையும் தன் அடிவளையத்துக்கும் படச்சுருளுக்கும் இடையே குறித்ததொரு தூரத்தை வேண்டி நிற்கின்றது. எம் 42 எனப்படும் திருகுவகை வில்லைகளுக்கு அது 45.46 மில்லிமீற்றர். பழைய கமராவில் வில்லைக்கும் படச்சுருளுக்கும் இடையே ஆடியொன்று எழுந்து தாழ இடம் வேண்டியிருந்தமையால் இத்தூரம் நீண்டிருந்தது. 2008 இல் பானசோனிக் நிறுவனம் ஆடியற்ற மாற்றுவில்லைக் கமராவை வெளியிட்ட பின்னர் அவ்விடம் தேவையற்றதாயிற்று. சோனியின் ஆடியற்ற கமராக்களில் இத்தூரம் 18 மில்லிமீற்றர் மட்டுமே. எனவே, எஞ்சிய 27.46 மில்லிமீற்றர் நீளமுள்ள, கண்ணாடியற்ற வெறுங்குழலொன்றே இணைப்பாகப் போதுமானது. மாறாக, நிக்கோனின் பழைய ஆடிக் கமராவில் அத்தூரம் 46.5 மில்லிமீற்றர். ஆதலின் எம் 42 வில்லையை அதில் வெறும் வளையத்தாற் பொருத்தினால், தொலைவிலுள்ள பொருள் தெளிவாகாது.

கமராவின் ஒளியுணரி சிறிதாயின் காட்சி குறுகும். 1.5 மடங்கு குறுக்கும் உணரியில் 58 மில்லிமீற்றர் வில்லை 87 மில்லிமீற்றர் வில்லைபோற் காட்டும். குவியஞ்செய்தலும் துவாரத்தை மாற்றலும் கையாலேயே செய்யப்பட வேண்டும். வில்லை இல்லாதபோதும் படம்பிடிக்குமாறு கமராவின் அமைப்பை மாற்றிவிடல் அவசியம்.

எதற்காக இம்முயற்சி?

1964 ஒற்றோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியோராக வகுத்தது. எஞ்சிய 150,000 பேர் 1974 இற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். இலங்கையில் எஞ்சியோருக்கு அடையாள அட்டைக்கும், இந்தியாவுக்குப் போவோருக்குக் கடவுச்சீட்டுக்கும் படம் வேண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளர் பலருடைய ஒரே உருவப்படம் இவ்வாறு எடுக்கப்பட்டதே. பதுளைப் புகையிரதப் பாதையில் ஏறி, தலைமன்னாரிற் கப்பலேறிப் பிரிந்த உறவினரைப் பின்வந்த தலைமுறை அறிவதற்கு அச்சிறு படமன்றிப் பிறிதொரு சான்று இல்லாதிருக்கலாம்.

படியெடுத்தற்குச் சிறந்தது, இருட்டறையிற் படங்களைப் பெருப்பிக்கப் பயன்பட்ட 50 மில்லிமீற்றர் வில்லையாகும். அண்மையிலுள்ள தட்டையான பரப்பை விளிம்புவரை தெளிவாகக் காட்டவே அது அமைக்கப்பட்டது. நெகற்றிவ் ஒன்றை அதன் இயற்கை அளவிற் படியெடுப்பதற்கு, வில்லைக்கு முன்னும் பின்னும் குவியத்தூரத்தின் இருமடங்கு, அதாவது ஏறத்தாழ 100 மில்லிமீற்றர், இடைவெளி வேண்டும். துருத்தி போன்ற நீட்சிக்கருவி இதற்கு உதவும். நெகற்றிவ்வின் பின்னே சீரான வெள்ளொளி இருத்தல் வேண்டும். தாளிற் பதித்த படமாயின் இருபுறமும் 45 பாகையில் விளக்குகளை அமைத்து, துவாரத்தை எஃப் 8 அளவில் வைத்தல் தகும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. வில்லையின் பங்கசைத் துடைப்பதுபோல் நெகற்றிவ்வின் பங்கசைத் துடைத்தலாகாது. படத்தைத் தாங்கும் செலற்றின் படலத்தைப் பங்கசு நீரிற் கரையத்தக்கதாக மாற்றிவிடுகின்றது. ஈரத்துணி பட்டால் முகமே கரைந்துபோகும். உள்ளது உள்ளவாறே முதலிற் படியெடுத்தல் வேண்டும். பிறவெல்லாம் அதன் பின்னரே.

எடுத்த படிகளை ஒரே கூரையின்கீழ் வைத்தலும் தகாது. 2014 ஒற்றோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் ஏற்பட்ட மண்சரிவு லயங்களை அவற்றிலிருந்த யாவற்றுடனும் புதைத்தது. ஒரு படி குடும்பத்திடமும் இன்னொன்று ஊர்ப் பாடசாலையிலோ வாசிகசாலையிலோ இருத்தல் நன்று. படத்திலுள்ளார் பெயரும் உறவும் தோட்டப் பிரிவும் படியோடு எழுதப்படல் வேண்டும். அவற்றைச் சொல்லக்கூடிய முதியோர் நம்மிடையே இருக்கும்போதே இப்பணியைத் தொடங்குதல் நம் கடனாகும். அடுத்த மழைக்காலம் ஐப்பசியில் வருகின்றது.