சங்கத்தின் உபரி யாருக்குச் சொந்தம்?

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் சிறு கடைக்காரர்கள் சேர்ந்து கொள்முதலுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்க நினைத்தால் அரசு பணம் தருமா? உதவி உண்டு, ஆனால் அது வருவது மற்ற சங்கங்களின் உபரியிலிருந்து. ஒவ்வொரு சங்கமும் தன் உபரியில் முதல் 500,000 வெள்ளிக்கு 5 விழுக்காட்டை மத்திய கூட்டுறவு நிதிக்குச் செலுத்துகிறது. அதற்கு மேற்பட்ட உபரியில் 20 விழுக்காடு அந்த நிதிக்கோ சிங்கப்பூர்த் தொழிலாளர் அறநிறுவனத்துக்கோ போகிறது. புதிய சங்கங்களுக்கான மானியமும் பயிற்சியும் மத்திய நிதியிலிருந்து கிடைக்கின்றன. சட்டம், கூட்டுறவுச் சங்கப் பதிவாளரின் கண்காணிப்பு, வருமான வரிவிலக்கு ஆகியவை அரசின் பங்கு. இந்த ஏற்பாடு நல்லது. உபரி பொதுவில் தங்கும் வரைதான் நல்லது.

மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் செட்டியார்கள் வட்டிக்குக் கடன் கொடுத்துவந்த காலத்தில், 1924இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. மறு ஆண்டே அரசு ஊழியர்கள் தங்கள் சிக்கன, கடன் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். கடனில் சிக்கிய எழுத்தர்களுக்கு அங்கே கடனாகக் கிடைத்தது சக ஊழியர்களின் சேமிப்பு. அரசு வழியை மட்டும் திறந்துவிட்டது. ஆனால் பின்னாளில் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் (என்டியுசி) தொடங்கிய சங்கங்கள் மேலிருந்து வந்தவை, அவற்றை உறுப்பினர் இயக்கம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1973இல் தோ பாயோவில் என்டியுசியின் பேரங்காடியைத் திறந்துவைத்தவரே பிரதமர் லீ குவான் இயூதான். ஆனால் விலைவாசி ஏறிய அந்த ஆண்டில் தொழிலாளிக்குக் கட்டுப்படியாகும் விலையில் அரிசி கிடைப்பதே முக்கியமாக இருந்தது. யார் தொடங்கினார்கள் என்பதைவிட, சேர்ந்த செல்வம் பின்னாளில் எங்கே போகிறது என்பதே பெரிய கேள்வி.

அந்தக் கேள்வி என்டியுசியின் இன்கம் காப்புறுதி விவகாரத்தில் எழுந்தது. 1970இல் கூட்டுறவாகப் பிறந்த அது 2022இல் நிறுவனமாக மாறியபோது, சுமார் 2 பில்லியன் வெள்ளி உபரியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள அரசு விலக்கு அளித்தது. 2024இல் ஜெர்மானியக் காப்புறுதி நிறுவனமான அலையன்ஸ் அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்க முன்வந்தது. மூன்றாண்டுக்குள் ஏறத்தாழ 1.85 பில்லியனைப் பங்குதாரர்களுக்குத் திருப்பித் தருவதும் திட்டத்தில் இருந்தது. அக்டோபர் 14 அன்று அரசு அந்த விற்பனையைத் தடுத்தது. காப்புறுதிச் சந்தையில் நிலைக்கப் பெரிய மூலதனம் வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். அந்த மூலதனத்தை வலுப்படுத்தவே விலக்கு கொடுக்கப்பட்டது. அதையே வெளியே எடுப்பதற்கு அந்த வாதம் பொருந்தாது. தடுத்தது சரி. ஆனால் 2022இலேயே நிபந்தனையை எழுத்தில் வைத்திருந்தால் தடுக்க வேண்டிய தேவையே வந்திருக்காது. நீங்கள் ஏதேனும் ஒரு சங்கத்தின் உறுப்பினர் என்றால், அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். உபரி எங்கே போகிறது என்று கேளுங்கள்.