வைஃபை பெயருக்குக் கீழே ‘பலவீனமான பாதுகாப்பு’ என்று போன் ஏன் எச்சரிக்கிறது?

ராயபுரத்தில் நெருக்கியடித்து நிற்கும் வீடுகளில் உங்கள் வைஃபை அலை பக்கத்து வீட்டு அடுப்படி வரை போகும். பிறகு ரகசியம் எப்படித் தங்குகிறது?

மாட்டுச்சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். கை அசைவது தெரியும், விலை தெரியாது. ரவுட்டரின் குறியாக்கம்தான் அந்தத் துண்டு.

1997-ல் வந்த டபிள்யூஇபி என்ற குறியாக்க முறை 2001-லேயே நைந்துபோனது. பழைய கருவிகளுக்காக 2003-ல் போட்ட ஒட்டு, டிகேஐபி. இவற்றில் ஒன்றை ரவுட்டர் இன்னும் விரித்தால் ஐபோன் முணுமுணுக்கும். பாஸ்வேர்டு எவ்வளவு நீளம் என்பதை அது பார்ப்பதே இல்லை!

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை போன் பிரௌசரில் திறந்து உள்ளே நுழையுங்கள். வயர்லெஸ் செக்யூரிட்டியில் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ், இருந்தால் டபிள்யூபிஏ3 தேர்ந்தெடுங்கள். போனில் பழைய இணைப்பை நீக்கிவிட்டு மறுபடி இணையுங்கள்.

புதிய முறைக்குப் பழைய பிரிண்டர் முரண்டு பிடித்தால், அதில் வசதி இருந்தால் கேபிள் போட்டு ரவுட்டரோடு இணைத்துவிடலாம்.