ஒட்டுக்குக் கீழே இருந்த ரோஜா

ராயபுரத்தில் மொட்டைமாடிக்கு ஏறும் படிக்கட்டுக் கம்பியில் படரட்டும் என்று ஒரு மஞ்சள் கொடி ரோஜா வாங்கி வைத்தேன். இரண்டாவது கோடையில் அது கருகிப்போனது. பிடுங்கிப் போடச் சோம்பல். ஆடியில் இரண்டு மழை விழுந்ததும் அடித்தண்டிலிருந்து புதுத் தளிர் வந்தது; மார்கழியில் கொத்துக் கொத்தாய் இளஞ்சிவப்புப் பூ, நல்ல வாசனையோடு. செத்தது மேலே ஒட்டியிருந்த ரகம். பிழைத்தது அதைத் தாங்கிய வேர்ச்செடி: எட்வர்டு ரோஜா.

ரோஜாப் புத்தகங்கள் ஒரு ரகத்தைக் ‘கடினமானது’ என்றால், பனி உறையும் குளிரையும் தாங்கும் என்று பொருள். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் அந்தக் கடினம் எதற்கு? இங்கே எதிரிகள் மே மாத வெயிலும், உப்புக்காற்றும், உவர்ந்த போர் தண்ணீரும்தான்.

இந்த மூன்றில் மோசமானது தண்ணீர். தொட்டியில் ஊற்றும் நீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். விளிம்பில் வெள்ளையாய்ப் பூத்திருப்பது அதுதான். மண்ணில் உப்பு ஏற ஏற, ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது, இலையோரம் தீய்ந்துபோகும். மெட்ரோ வாட்டரில் கொஞ்சம் செடிக்கும் ஒதுக்குங்கள். ஐப்பசி மழையில் தொட்டியைத் திறந்தவெளியில் வைத்தால் அடித்துளை வழியே உப்பு கழுவிப் போகும்.

அதே மழையில்தான் கரும்புள்ளி நோயும் வரும். இலை ஏழெட்டு மணி நேரம் ஈரமாகவே இருந்தால் பூசணம் முளைத்துவிடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் புகையிலிருந்த கந்தக டை ஆக்சைடு இந்தப் பூசணத்தை அடக்கி வைத்திருந்தது. காற்று சுத்தமாகச் சுத்தமாக நோய் பெருகியது. அதற்காக மணலிப் புகைக்கு நன்றி சொல்ல நான் தயாரில்லை. இலையில் படியும் தூசியைக் காலையிலேயே கழுவிவிடுங்கள், வெயிலில் காய்ந்துவிடும்.

கொடி ரோஜா என்கிறோமே தவிர, அது கொடியே அல்ல. அவரைபோல் சுற்றாது, பாகல்போல் பற்றுக்கம்பி விடாது. நீண்ட கிளைகளை நீட்டி, வளைந்த முள்ளால் எதையாவது கொக்கிபோட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். கம்பியில் நாம்தான் கட்டிவிட வேண்டும், அதுவும் படுக்கைவாட்டில். நிமிர்ந்த கிளையில் நுனி சுரக்கும் ஆக்சின் கீழ்க்கணுக்களை உறங்கவைக்கும். பூ உச்சியில் மட்டும் வரும். கிளையைச் சாய்த்துவிட்டால் கணுவுக்குக் கணு தளிர் கிளம்பும், தளிருக்குத் தளிர் மொட்டு.

இனி, எந்த ரகம்? எட்வர்டு ரோஜா கடல் கடந்து வந்தது. இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவில், சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் கலந்து உருவான வகை. அந்தத் தீவின் பழைய பெயர் பூர்போன். ‘பூர்போன் ரோஜாக்கள்’ என்ற குலமே அதிலிருந்துதான். நம் சமவெளியின் வெயிலுக்குப் பழகியதால் இங்கே ஒட்டுக்கட்ட அதன் வேரைப் பயன்படுத்துகிறார்கள். அழகுக்கு மேலே ஒன்று, உழைப்புக்குக் கீழே ஒன்று!

வெப்பநாட்டுக்கென்றே ரோஜா வேண்டும் என்று பல பத்தாண்டுகளாக உழைத்தவர்கள் கொடைக்கானலில் குடியேறிய வீரு வீரராகவன், கிரிஜா தம்பதி. ஐஏஎஸ் பணியை விட்டுவிட்டு ரோஜாவுக்கு வந்தவர் வீரராகவன். மணிப்பூர் மலைகளில் மரமேறி வளரும் ரோசா ஜைஜான்டியாவையும், வங்கத்துச் சதுப்பில் வெள்ளம் சூழ்ந்தாலும் பிழைக்கும் ரோசா கிளைனோஃபில்லாவையும் பெற்றோராக்கிப் புது ரகங்கள் கண்டார்கள். ஒன்றுக்குத் தாவரவியலாளர் இ. கே. ஜானகி அம்மாள் பெயர்.

அவை நம் தெரு நர்சரியில் எளிதில் கிடைக்காது. எட்வர்டு கிடைக்கும், ஒட்டுக்கட்டாமல், சொந்த வேரில் நிற்கும் செடியாகக் கேளுங்கள். பென்சில் தடிமனில் ஒரு குச்சி வெட்டி, மழை ஓய்ந்ததும் மணல் கலந்த செம்மண்ணில் ஊன்றினாலே வேர்விடும். எங்கள் கம்பியிலிருந்து இதுவரை நான்கு வீடுகளுக்குப் போயிருக்கிறது.