பூட்டு இருக்கிறது, திறப்பு எங்கே?

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியபோது நாம் கையில் எடுத்துச் சென்றவை இரண்டு உடுப்புப் பைகளும், பத்திரங்கள் சுற்றிவைத்த ஒரு பொலித்தீன் பையுமே. காணி உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், திருமணப் பதிவு, ஆசிரிய நியமனக் கடிதம் ஆகியன அதனுள் இருந்தன. நாவற்குழிப் பாலத்தில் மழையில் நனைந்து நின்றபோதும் அந்தப் பையை நெஞ்சோடு அணைத்தே வைத்திருந்தோம். எம்மவர் குடும்பங்களில் இப்படியான ஒரு பை இல்லாத வீடு அரிது.

ரொறன்ரோவுக்கு வந்து பல ஆண்டுகள் கழிந்தபின் அவற்றையெல்லாம் ஸ்கான் செய்து கணனியில் சேர்த்தோம். காலஞ்சென்ற எம் தாயார் தமது இறுதி நாட்களில் சொல்லிய ஊர்க்கதைகளின் ஒலிப்பதிவுகளையும் அதே கோவையில் வைத்தோம். பலர் வந்து போகும் வீடு என்பதால், எமது சகோதரியின் மகன் அக்கோவையை மறைகுறியாக்கம் செய்து தந்தார். "இனி உங்களைத் தவிர ஒருத்தரும் இதைத் திறக்கேலாது மாமா" என்றார். அவர் சொன்னது உண்மை. ஆனால், அந்த 'உங்களை' என்ற சொல்லுக்குக் கணனி கொண்டிருந்த பொருள் வேறு என்பதை நாம் பின்னரே அறிந்தோம்.

அண்மையில் ஒருநாள் அக்கணனி இயங்க மறுத்தது. திருத்தக் கொடுத்த கடையில் வின்டோஸை மீள நிறுவித் தந்தார்கள். எமது கோவை இருந்த இரண்டாவது வட்டில் அவர்கள் கைவைக்கவில்லை. கோப்புகளின் பெயர்கள் யாவும் முன்போலவே தெரிந்தன. ஒன்றைத் திறக்க முயன்றோம், அனுமதி மறுக்கப்பட்டது. அதே பயனர் பெயர், அதே கடவுச்சொல், பயனில்லை. தாயாரின் குரல் ஒரு சாண் தூரத்தில் இருந்தது, கேட்க முடியவில்லை.

இதற்கான காரணத்தை விளக்குவது எம் போன்ற கலைப் பட்டதாரிக்கும் இயலக்கூடியதே. 2000ஆம் ஆண்டு வெளிவந்த வின்டோஸ் 2000 முதல், அதன் தொழில்சார் பதிப்புகளில் ஈ.எவ்.எஸ். எனப்படும் பூட்டு முறை உண்டு. ஒரு கோப்பைப் பூட்டும்போது கணனி எமக்கென ஓர் இரகசியத் திறப்பை ஆக்கி, எமது பயனர் கணக்கினுள் ஒளித்து வைக்கிறது. கடவுச்சொல் கோப்பின் திறப்பு அன்று. திறப்பு இருக்கும் பெட்டியின் திறப்பு. வின்டோஸை மீள நிறுவும்போது உருவாகும் கணக்கு, பெயரால் ஒன்றாயினும் கணனியின் கணக்கேட்டில் வேறொரு ஆளே. புதிய ஆளிடம் பழைய திறப்பு இல்லை. கோப்பின் உரிமையை மாற்றி எழுதுவதாலும் பூட்டுத் திறவாது.

அப்படியாயின் வழி என்ன? முதலாவது, முன்னரே அத்திறப்பைப் பிரதி எடுத்து வைத்திருந்தால், அதைப் புதிய கணக்கில் சேர்த்தவுடன் எல்லாம் திறக்கும். நாம் எடுத்து வைக்கவில்லை. இரண்டாவது, பழைய கணக்கின் கோவைகளைத் தேடுவது. வட்டைத் துடைக்காமல் வின்டோஸை மீள நிறுவினால், பழைய பயனர் கோவைகள் 'வின்டோஸ்.ஓல்ட்' என்ற பெயரில் ஒதுக்கி வைக்கப்படுவதுண்டு. அவை நிரந்தரமானவை அல்ல. கணனி சில நாட்களில் தானாகவே நீக்கிவிடக்கூடும். அதனுள் பழைய திறப்பும், பழைய கடவுச்சொல் எமது நினைவிலும் இருந்தால், அதற்கென அமைந்த மென்பொருளைக் கொண்டு மீட்கலாம்.

மருமகன் அன்றிரவே வந்து முதலில் செய்த வேலை கணனியை நிறுத்தியதுதான். புதிதாக எழுதப்படும் ஒவ்வொன்றும் பழையதை அழிக்கக்கூடும் என்றார். வட்டின் முழுப் பிரதியொன்றை எடுத்து, அதிலே தேடினார். கடைக்காரர் வட்டைத் துடைக்காமல் விட்டதால் பழைய கணக்கு இருந்தது. விடியற்காலையில் தாயாரின் குரல் கேட்டது. அவர் கிணற்றடி மாமரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எமது நண்பர் ஒருவருக்கு இந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அவரது வட்டை முற்றாகத் துடைத்தபின்பே மீள நிறுவினார்கள். 256 பிற் நீளமான திறப்பை ஊகித்து அறிவது இன்றைய எந்தக் கணனிக்கும் இயலாது. உறுதியின் பிரதியை ஊர்க் காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் அவ்வாறே பெறலாம். மகளின் முதல் பிறந்தநாள் படங்களை எந்தக் கச்சேரியில் விண்ணப்பிப்பது?

ஈ.எவ்.எஸ். எமக்குத் தேவையில்லை என எண்ணும் வாசகர்களும் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. இன்றைய வின்டோஸ் 11 கணனிகள் பலவற்றில், மைக்ரோசொவ்ற் கணக்கினூடாக நுழைந்தவுடன் முழு வட்டுமே தானாகப் பூட்டப்படுகிறது. கணனியின் உட்பாகம் ஒன்றை மாற்றினால், அது 48 இலக்க மீட்புத் திறப்பைக் கேட்கக்கூடும். ஆறு இலக்கங்கள் கொண்ட எட்டுத் தொகுதிகள் அவை. ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும்; எழுதியதில் பிழை உண்டா என இதைக்கொண்டே பிள்ளைகள் சரிபார்க்கலாம். பெரும்பாலும் இத்திறப்பு அந்த மைக்ரோசொவ்ற் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். ஆனால் அக்கணக்கின் கடவுச்சொல்லும் மறந்துவிட்டால் என் செய்வது?

ஆகவே, கணனி நன்றாக இயங்கும் இன்றே செய்யவேண்டியவை இவை. மீட்புத் திறப்பைக் கடதாசியில் அச்சிட்டு, அது எந்தக் கணனிக்குரியது எனக் குறித்து வையுங்கள். ஈ.எவ்.எஸ். பயன்படுத்துவோர் தமது சான்றிதழைத் திறப்புடன் ஏற்றுமதி செய்து, ஒரு பென் டிரைவில் அக்கணனிக்கு வெளியே வைத்திருங்கள். அதற்கு இடும் கடவுச்சொல்லையும் எழுதி வையுங்கள். திருத்தக் கொடுக்கும்போது, "என்னைக் கேட்காமல் வட்டைத் துடைக்க வேண்டாம்" என எழுத்தில் கொடுங்கள். முக்கியமானவற்றின் இன்னொரு பிரதியை வேறொரு வீட்டில் வாழும் உறவினரிடம் ஒப்படையுங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் திறப்பை அறிந்திருப்பதும் ஆபத்தே. அவர் நோயுற்றால் குடும்பம் முழுவதும் வெளியே நிற்க நேரிடும்.

எமது மீட்புத் திறப்பை இப்போது ஒரு தாளில் அச்சிட்டு வைத்துள்ளோம். அது இருப்பது நாவற்குழிப் பாலத்தைக் கடந்து வந்த அதே பத்திரங்களுடன்தான்.