கடுகளவு இடத்தில் 40 லட்சம் கம்பி! அத்தனைக்கும் "கனெக்‌ஷன்" கொடுத்த விஞ்ஞானிகள்

கொஞ்சம் பிசகினாலும் "ஷார்ட்"தான்!

வீட்டில் டியூப் லைட் மினுக் மினுக்கென்று அடித்தால் எலக்ட்ரீஷியன் வருவார். லைட்டைக் கொஞ்சம் திருகிப் பார்ப்பார். "லைட் நல்லாத்தான் இருக்கு சார். கான்டாக்ட்தான் சரியில்லே" என்பார்.

இதே "கான்டாக்ட்" தொல்லை, வெயிலில் இருந்து மின்சாரம் எடுக்கும் விஞ்ஞானிகளையும் ஆட்டிப் படைத்திருக்கிறது. அவர்களுடைய கம்பியோ கண்ணுக்கே தெரியாத கம்பி!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஸ்வீடன் நாட்டில் உள்ள லண்ட் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், "நானோ கம்பி"களால் ஆன சூரிய மின்கலம் ஒன்றைச் செய்தார்கள். 2013-ம் ஆண்டில் இந்த விவரம் வெளியானது.

கம்பியின் கனம் 180 நானோ மீட்டர். ஒரு மில்லி மீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால், அதில் ஒரு பங்குதான் ஒரு நானோ மீட்டர்! தலைமுடி ஒன்றின் குறுக்கே இந்தக் கம்பிகளை நூற்றுக்கணக்கில் அடுக்கலாம்.

இது செம்புக் கம்பி அல்ல. இண்டியம் பாஸ்பைடு என்ற பொருள். தட்டின்மேல் புல் முளைத்தது போல நெட்டுக்குத்தாக நிற்கும். ஒரு சதுர மில்லி மீட்டரில் 40 லட்சத்துக்கும் மேல்!

இத்தனை கம்பிகளும் சேர்ந்து அடைத்த இடம் 12 சதவீதம்தான். மீதி காலி. ஆனாலும் பயன்படக்கூடிய வெயிலில் 71 சதவீதம் மின்னோட்டமாக மாறியது. வெளிச்சம் ஓர் அலை. இவ்வளவு மெல்லிய கம்பி, பக்கத்தில் விழும் வெளிச்சத்தையும் தன்னிடம் இழுத்துக் கொள்கிறது. விலை உயர்ந்த பொருள் மிச்சம்!

சிக்கல் எங்கே?

பிடித்த கரண்டை வெளியே கொண்டு வருவதில்தான் சிக்கல்.

மொட்டை மாடி சோலார் பலகையில் மெல்லிய வெள்ளிக் கோடுகள் இருக்கும். கரண்டைத் திரட்டுவது அவைதான். 40 லட்சம் நுனிகளுக்கு எப்படிக் கோடு போடுவது? உலோகத் தகடு போட்டு மூடினால் வெயில் உள்ளே போகாது. மூடாவிட்டால் கரண்ட் வெளியே வராது!

இதற்கு வழி, கண்ணாடி போன்ற பூச்சு. வெளிச்சத்தை உள்ளே விடும்; கரண்டையும் கடத்தும். இண்டியமும் வெள்ளீயமும் கலந்த ஆக்சைடு இதற்குப் பேர் போனது. செல்போன் தொடுதிரையில் இருப்பதும் இதுதான்.

நுனியை மட்டும் உரித்தார்கள்

அடுத்த ஆபத்து "ஷார்ட்". கம்பியின் அடி பிளஸ், நுனி மைனஸ். மேல் பூச்சு பக்கவாட்டில் வழிந்து கீழே தொட்டால் காரியம் கெட்டது.

எனவே ஒவ்வொரு கம்பிக்கும் முதலில் சிலிக்கா உறை போட்டார்கள். பிறகு நுனியில் மட்டும் உறையை நீக்கிப் பூச்சு கொடுத்தார்கள். எலக்ட்ரீஷியன் ஒயர் நுனியைப் பல்லால் கடித்து உரிக்கிறாரே, அதே வேலைதான். ஆனால் 40 லட்சம் நுனிகளுக்கும் ஒரே சமயத்தில்!

நுனிப் பாகத்தின் நீளத்திலும் கணக்கு உண்டு. அது நீண்டு விட்டால் வெளிச்சத்தைத் தானே விழுங்கி வீணாக்கும். இதையெல்லாம் சரி செய்தபோது, வெயிலில் 13.8 சதவீதம் மின்சாரமானது.

பூச்சும் கை கொடுத்தது

நெதர்லாந்தில் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போனது. கான்டாக்ட் பூச்சின் மேலே, ஒவ்வொரு கம்பிக்கும் நேராக, அதே ஆக்சைடில் உருண்டைகளை உட்கார வைத்தார்கள். அவை வெயிலைக் கம்பிக்குள் திருப்பி விட்டன. 60 டிகிரி சாய்ந்து வரும் வெளிச்சம் வரை பலன் தெரிந்தது. 2016-ல் 17.8 சதவீதம் எட்டியது.

மாடிக்கு எப்போது வரும்?

அவசரப்பட வேண்டாம். லண்ட் மின்கலத்தின் அளவு மில்லி மீட்டர் கணக்கு. ஒரு சதுர மீட்டர் பலகை செய்ய 4 லட்சம் கோடிக்கு மேல் கம்பிகள் தேவை!

அதில் ஒரு கம்பிக்குக் கனெக்‌ஷன் விட்டுப் போனால், நஷ்டம் அந்தக் கம்பியோடு போயிற்று. ஆனால் ஒரு கம்பி "ஷார்ட்" ஆனால், பக்கத்துக் கம்பிகள் சேர்த்த கரண்டையும் அது குடித்து விடும்.

கடையில் கிடைக்கும் சிலிக்கான் பலகைகள் 20 சதவீதத்தைத் தாண்டி விட்டன. விலையும் குறைவு. நானோ கம்பி அதோடு போட்டி போட வேண்டுமானால், அந்த லட்சம் கோடி நுனிகளிலும் "கான்டாக்ட்" சரியாக உட்கார வேண்டும்.