தகரப்பேணிக்குள் ஒரு தலைமுறை

பழைய நிழற்படங்களைப் பார்க்குந்தோறும் நம் உள்ளம் உருகுகின்றது. ஆயினும், அப்படங்களுக்கு மூலமாயுள்ள நெகட்டிவ் சுருள்களையும் ஸ்லைட்டுகளையும் நம்முள் எத்தனைபேர் எண்ணிப் பார்க்கின்றோம்?

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியபோது, எம் குடும்பத்தார் கனத்த அல்பங்களை வீட்டிலேயே விட்டுவந்தனர். நெகட்டிவ்கள் கிடந்த ஒரு பிஸ்கற் பேணி மாத்திரமே கையோடு வந்தது. அண்மையில் அதனைத் திறந்தபோது வினாகிரி வாடை வீசிற்று. அஃது அழிவின் அறிகுறியாகும். செலுலோசு அசற்றேற்றினாலான சுருள் வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதையும்போது அசற்றிக்கமிலம் வெளிப்படுகின்றது. வினாகிரியின் புளிப்பும் அவ்வமிலத்தினாலேயே உண்டாவது. தொடங்கிய சிதைவை நிறுத்துதல் இயலாது. குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்து அதன் வேகத்தைக் குறைக்கலாம். அவ்வளவே.

ஆகவே, எஞ்சியவற்றைக் கணினியிற் பதிந்துவைக்கத் துணிந்தோம். கடிதங்களைப் படியெடுக்கும் சாதாரண ஸ்கேனர் இதற்கு உதவாது. அது தாளிற் பட்டுத் திரும்பும் ஒளியையே ஏற்பது. படச்சுருளுக்கோ ஒளி ஊடுருவிச் செல்லவேண்டும். எனவே, மூடியிலும் விளக்குடைய ஸ்கேனரையே பெறுதல் வேண்டும். சுருளைத் தாங்கும் சட்டத்தையும் தவறாது பயன்படுத்துக. வெறுங் கண்ணாடிமேற் சுருளைக் கிடத்தினால், வானவில் போன்ற வளையங்கள் தோன்றிப் படத்தைக் கெடுத்துவிடும்.

அடுத்து, அளவைக் கவனிப்போம். 35 மில்லிமீற்றர் சுருளில் ஒரு படத்தின் அளவு 36க்கு 24 மில்லிமீற்றரே. கடிதத்துக்குப் போதுமான, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்னும் கணக்கில் எடுத்தால், நீளப்பக்கத்தில் ஏறக்குறைய 425 புள்ளிகளே கிடைக்கும், முகம் தெளியாது. 2400 என வைத்தால் 3400 புள்ளிகள் கிடைக்கும். 11 அங்குல அகலத்துக்கு அச்சிடலாம். பெட்டியின்மேல் 6400 என்றிருப்பதைக் கண்டு மயங்கவேண்டா. வீட்டு ஸ்கேனரின் வில்லைகள் அத்துணை நுட்பத்தை உண்மையிற் காண்பதில்லை. கோப்புப் பருக்குமேயன்றித் தெளிவு பெருகாது.

தூசியை ஊதுகுமிழாலும் மென்றூரிகையாலும் நீக்குக. விரல்கள் சுருளின் ஓரத்தை மட்டுமே தொடுதல் நன்று. சில ஸ்கேனர்கள் செந்நிறக்கீழ்க் கதிரினால் தூசியைக் கண்டறிந்து அகற்றுகின்றன. வண்ணச் சாயங்களை அக்கதிர் ஊடுருவிச் செல்லும். தூசி அதனை மறிக்கும். கறுப்பு வெள்ளைச் சுருளிலோ படமே வெள்ளித் துகள்களாலானமையின், அதுவும் கதிரை மறித்துவிடும். அத்தகைய சுருளுக்கு இவ்வசதியை நிறுத்திவிடுதல் வேண்டும்.

முதல்நாள் மாலை, இரட்டைப் பின்னலுடன் ஒரு சிறுமி திரையில் தோன்றினாள். அவளை எம்முள் எவரும் அறியோம். அம்மம்மாவை அழைத்தோம். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நெடுநேரம் பார்த்திருந்தார்.

"இவள் என்ரை சின்னக்கா. பள்ளிக்கூடத்திலை பரிசு வாங்கின அண்டைக்கு எடுத்த படம்" என்றார்.

அடுத்த படத்தில் ஐவர் நின்றனர். மூவரின் பெயரைச் சொன்னார். மற்றை இருவரையும் சுட்டி, "மறந்துபோனன், பிள்ளையள்" என்று தலையசைத்தார். சென்ற ஆண்டே பேணியைத் திறந்திருந்தால் அவ்விருவருக்கும் பெயர் கிடைத்திருக்குமோ என்னும் எண்ணம் அன்றிரவு எம்மை வருத்திற்று.

ஸ்கேனர் முகத்தை மீட்டுத்தரும். பெயரைச் சொல்ல முதியோர் வேண்டும். ஆதலால் ஒவ்வொரு படத்துடனும் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை உடனுக்குடன் எழுதிவையுங்கள். பிரதிகளை இரண்டு இடங்களில் வைத்துப் பேணுங்கள். மூலச் சுருள்களையும் எறிந்துவிடாதீர்கள். மாணவர்களே, வருகின்ற விடுமுறையில் உங்கள் வீட்டுப் பேணியையும் திறந்து பாருங்கள். திறக்கும்போது அம்மம்மாவையும் அப்பாச்சியையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.